வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்

பினாங்கு

அன்பு மகன் கதிரவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ சொன்ன குறிப்புச் செயலியைக் கைத்தொலைபேசியில் ஏற்றிப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக் கணக்கையும் அப்பாவின் மருத்துவக் குறிப்புகளையும் அதில் வைக்க எனக்குச் சம்மதமில்லை. எழுதியதை மொத்தமாக வெளியே எடுத்துப் பார்த்தேன். வந்தது, அந்தச் செயலி மட்டுமே படிக்கக்கூடிய ஒரு கோப்பு. சந்தா நின்றுவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நீ பிறப்பதற்கு முன் ஜார்ஜ்டவுனில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன் அல்லவா? அந்தக் காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துரு செய்வார்கள். ஒரு மென்பொருளில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ழ' இருக்கும். ஈப்போவிலிருந்து திருமண அழைப்பிதழ் கணினி வட்டில் வரும். அதே எழுத்துரு எங்களிடம் இல்லையென்றால் திரை முழுக்கப் பொருளற்ற குறிகள்தான், மணமகள் பெயரைக்கூடப் படிக்க முடியாது. கையெழுத்துப் படி இருந்தால் மறுபடி அடிப்போம். இல்லாதவை போனவைதான். எத்தனை கோயில் விழா மலர்கள், சங்கக் குறிப்புகள் அப்படிப் போயின!

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று வகுத்த பொதுத் தரமான யூனிகோடு வந்த பிறகுதான் எல்லாக் கணினியிலும் 'அ'வுக்கு 2949 என்ற ஒரே எண். 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அச்சகங்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. 1985இலேயே தமிழில் எழுத முரசு மென்பொருளை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறனை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இந்தக் கடிதத்தையும் அவருடைய தமிழ் விசைப்பலகைச் செயலியான செல்லினத்தில்தான் அடிக்கிறேன்.

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தையில் மீன்காரர் ஒட்டியிருப்பது ஒரே ஒரு டூயிட்நவ் கியூஆர், மலேசியாவில் எல்லோருக்கும் பொதுவான பணம் செலுத்தும் குறியீடு. என் வங்கிச் செயலியிலும் பணம் செலுத்தலாம், பக்கத்தில் நிற்பவர் தம் மின்பணப்பையிலும் செலுத்தலாம். எல்லோரும் ஒரே தரத்துக்கு உடன்பட்டதால் கிடைத்த எளிமை அது. பல இணையதளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013இல் மூடியபோதும், பயன்படுத்தியவர்கள் தாங்கள் படிக்கும் தளங்களின் பட்டியலை, மற்ற செயலிகளும் படிக்கக்கூடிய ஓபிஎம்எல் கோப்பாக எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடிந்தது. இப்படி ஒரு வாசல் திறந்திருந்தால் நானும் தயங்க மாட்டேன்.

என்னிடம் இருப்பது ஒரே கோப்புறை, அதற்குள் எளிய உரைக் கோப்புகள். '2025-03 மின்கட்டணம்' என்று ஆண்டையும் மாதத்தையும் முன்னால் வைத்துப் பெயரிட்டால் தாமாகவே வரிசையில் நிற்கும். கணக்கு மட்டும் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு. பென்டிரைவில் ஒரு பிரதி. அப்பாவின் மாத்திரைப் பட்டியலோ தாளில், குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. ஆம்புலன்சில் வருபவர் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, ஐயா.

நீ அடிக்கடி செயலி மாற்றுகிறாய். கல்லூரிக் குறிப்புகள் ஒன்றில், வாடகை ஒப்பந்தம் வேறொன்றில். புதியதை அமைப்பதிலேயே உன் ஞாயிற்றுக்கிழமைகள் கரைவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த முறை சந்தாவைப் புதுப்பிக்கும் முன் எல்லாவற்றையும் உரைக் கோப்பாக எடுத்து வை. செயலி விடாவிட்டால் பக்கம் பக்கமாக நகலெடு. பாதி நாள் போனாலும் பரவாயில்லை.

தீபாவளிக்கு இடிஎஸ் ரயிலில் வரும்போது, உன்னிடம் இருக்கும் அப்பாவின் பழைய மடிக்கணினியையும் கொண்டு வா. பாட்டி சொல்லச் சொல்ல நான் அடித்த பத்தியக் குறிப்புகள் அந்தப் பழைய எழுத்துருவில் அதில் கிடக்கின்றன. கணினி உயிரோடு இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுவோம். மின்னூட்டியை மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா