கடன்பட்டவரை மட்டும் கண்டித்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவக் குடும்பங்களும் கடனும் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். ‘ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்’ என்னும் ரோமர் 13:8-ஐ முன்வைத்து, கடன் வாங்குவதே விசுவாசக் குறைவின் அடையாளம் என்ற முடிவுக்குக் கட்டுரையாளர் வந்திருக்கிறார். வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பெங்களூரு லிங்கராஜபுரத்தில் தமிழ்ச் சபை ஒன்றின் கமிட்டியில் இருக்கும் எனக்கு, அந்த முடிவு வேதத்தின் ஒரு பாதியை மட்டும் வாசித்து எடுக்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

ரோமர் 13-இல் பவுல் வரி, தீர்வை, கனம் ஆகியவற்றைச் செலுத்தவேண்டியவர்களுக்குச் செலுத்தச் சொல்லிவிட்டு, அதன் தொடர்ச்சியாகத்தான் இந்த வசனத்தை எழுதுகிறார். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் இருக்காதே என்பதே அங்கே அழுத்தம். கடன் வாங்குவதே பாவமாக இருந்திருந்தால், கடன் கேட்பவனுக்கு முகங்கோணாதே என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருக்க மாட்டார். சங்கீதம் 37-உம் கடன் வாங்கிச் செலுத்தாதவனைத்தான் துன்மார்க்கன் என்கிறது.

ஆடம்பரத்துக்காகக் கடன் வாங்குவோர் நம்மிடையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தவணையில் வாங்கிய கைப்பேசியும், ஊரை அழைத்து நடத்திய ஞானஸ்நான விருந்தும் எனக்கும் தெரியும். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்ன இயேசுவின் உவமை அவர்களுக்குப் போதும். ஆனால் இந்த நகரத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் கடன்காரனாக மாறுவது பெரும்பாலும் வேறு வழியில். வாடகை வீட்டுக்குப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கம். பத்தாயிரம் ரூபாய் வாடகை என்றால், சட்டிபானையை உள்ளே வைக்குமுன்பே ஒரு லட்சம் வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் கட்டணம் கட்டவேண்டும். நடுவில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், முதலில் கம்மல் அடகுக்கடைக்குப் போகிறது. அடுத்து சங்கத்துக் கடன். அதுவும் போதாதபோது வார வட்டி.

சங்கத்துக் கடன் என்று எங்கள் பகுதிப் பெண்கள் சொல்வது, சிறுகடன் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களின் குழுக் கடனை. காலையில் ஒரு வீட்டின் முன்னறையில் பெண்கள் கடன் அட்டையோடு கூடுகிறார்கள். வசூலிக்க வந்தவர் பாயில் உட்கார்ந்து அட்டையில் கையெழுத்திடுகிறார். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் நூறும் இருநூறுமாகப் போட்டு அவள் தவணையை ஈடுகட்டுகிறார்கள். பிறகு எல்லோருமாக அவள் வாசலில் போய் நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்காருபவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பிறனுக்காகப் பிணைப்படாதே என்று நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் எச்சரிக்கும்போது நாம் ஆமென் சொல்கிறோம். ஆனால் மற்றவர்களுக்குப் பிணைநிற்காமல் தனக்குக் கடன் கிடைக்காத ஒருத்தி என்ன செய்வாள் என்பதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

வேதம் கடன் வாங்குபவனுக்குச் சொன்னதைவிடக் கடன் கொடுப்பவனுக்கு விதித்த கட்டுப்பாடுகள் அதிகம் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். ஏழையிடம் வட்டி வாங்கக்கூடாது. ஈடாக வாங்கிய வஸ்திரத்தைப் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம் 22. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தருவான் என்கிறது உபாகமம் 24. தவணை தவறியவரைக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் தொலைபேசியில் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டது. வசூல் கொடுமைகளைத் தடுக்கக் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த அவசரச் சட்டம் பத்தாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்தது. கடனாளியின் வாசற்படிக்கு மதிப்பு உண்டு என்ற அதே எண்ணம்தான் இவற்றின் அடியிலும் இருக்கிறது. இதைச் சபையில் எடுத்துச் சொன்னால், மிரட்டலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் சிலருக்காவது தைரியம் வரும்.

புத்தாண்டு ஆராதனையில் வழங்கப்படும் வாக்குத்தத்த அட்டைகளில், ‘நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்’ என்ற உபாகமம் 28-ஆம் அதிகார வசனம் அடிக்கடி காணப்படுகிறது. சட்டம்போட்டு மாட்டிய அந்த அட்டைக்குக் கீழேயே கடன் அட்டை ஆணியில் தொங்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். இதே வாக்குறுதி உபாகமம் 15-இலும் வருகிறது. ஆனால் அங்கே அதற்கு முன்னால், ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடன்களை விடுதலை செய்யவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. பின்னால், விடுதலை வருஷம் கிட்டிவிட்டதே என்று எண்ணி ஏழைக்குக் கொடுக்க மறுக்காதே என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டையும் கழற்றிவிட்டு நடுவிலுள்ள ஆசீர்வாதத்தை மட்டும் அட்டையில் அச்சடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட ஒரு பகுதி 2 இராஜாக்கள் 4. கர்த்தருக்குப் பயந்து நடந்த ஒரு மனிதர், அதுவும் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவர், கடனோடு இறந்துபோகிறார். கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு மகன்களையும் அடிமையாக்கிக்கொள்ள வருகிறான். எலிசா அந்த விதவையிடம் ஏன் கடன் வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். பாத்திரங்கள் அயலார் வீடுகளிலிருந்து வருகின்றன. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து மீதியில் பிழைக்கச் சொல்கிறார். ஆகவே கடன் அடைக்கப்படுகிறது, ஆனால் பிள்ளைகள் பறிபோகவில்லை.

சபை வரலாறும் கைகட்டி நின்றதில்லை. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்க விதி செய்தது. ஜெனீவாவில் சபைச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் வட்டியை ஏற்றுக்கொண்டபோதும் ஏழைகளிடம் வாங்கக்கூடாது என்றார். இத்தாலியின் பெருஜியா நகரில் 1462-இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால், ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் தரும் அடகு நிலையம் தொடங்கப்பட்டது. கந்துவட்டியைத் திட்டுவதோடு நின்றுவிடாமல் அவர்கள் எதிர்க்கடையே திறந்தார்கள்.

நம் சபைகளில் நடப்பது என்ன? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போகிறது. கை தூக்கியவர்களில் சிலரிடம் அன்று பணம் இருக்காது, பாக்கியாக எழுதிக்கொள்கிறோம். பிறகு ஏலப் பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை ஆராதனை முடிவில் வாசிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. கடன்படாதே என்று போதித்த அதே பீடத்திலிருந்து கடன்காரர் பட்டியல் படிக்கப்படுவது யாருக்கும் உறுத்துவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வட்டிக்கு வாங்கித் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) செலுத்தவேண்டாம் என்றும் போதகர்கள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

எங்கள் கமிட்டியில் நான் வைத்திருக்கும் கோரிக்கை சிறியது. ஏல வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று தொடங்கவேண்டும். வீட்டு முன்பணத்துக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் முதலிடம். ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி மைக்ரோ ஃபைனான்ஸுக்கு வைத்திருக்கும் வரம்பை நாமும் பின்பற்றலாம். அதைத் தாண்டியவர்களுக்குப் புதுக்கடன் தராமல், இருக்கும் கடன்களை வரிசைப்படுத்தி அடைக்க, கணக்குத் தெரிந்த சபையார் இருவர் உடன் உட்காரவேண்டும். வாங்கியவர் பெயர் அந்த இருவரையும் பொருளாளரையும் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது. தவணை தவறினாலும் அறிவிப்பில் வாசிக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் கமிட்டியில் எதிர்ப்பு அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
லிங்கராஜபுரம், பெங்களூரு.