மூன்று மிளகு

அன்புள்ள ஃபாதருக்கு,

ஸ்தோத்திரம். இன்று மே 25. காலைப் பூசையில், நாம் சேர்ந்து தமிழாக்கத் தொடங்கிய சரித்திரத்தை எழுதிய ஆங்கிலேயத் துறவி பீடுவைப் பற்றி இரண்டு வார்த்தையாவது சொல்லியிருப்பீர்கள். பின்வரிசையில் எவனாவது தூங்கி வழிந்திருப்பான். 11 வருடத்துக்கு முன்பு அது என் இடம்.

தபாலில் போடாமல் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுவதற்குக் காரணம், தபாலில் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை என்பதுதான். இங்கே எழுதினால் நம் பழைய பையன்கள் யாராவது உங்களிடம் காட்டுவார்கள். அவர்களும் படிப்பார்கள் என்பதால் சில விஷயங்களைத் தொட மாட்டேன். நான் குருமடத்தை விட்டு ஏன் வந்தேன் என்பதற்கு அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.

சொல்ல வந்தது வேறு. பீடுவின் ஆங்கிலேயத் திருச்சபைச் சரித்திரத்தில் கடைசியான ஐந்தாம் புத்தகத்தையும் தமிழில் முடித்துவிட்டேன்.

கடைசியில் தன்னைப் பற்றி எழுதுகிறாரே, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. 7 வயதில் சொந்தக்காரர்கள் மடத்தில் கொண்டுவந்து விட்டார்கள், 19இல் திருத்தொண்டர், 30இல் குருப்பட்டம். கற்பதும் கற்பிப்பதும் எழுதுவதும்தான் இன்பம். அப்புறம் நேராகப் புத்தகப் பட்டியல். 59 வயது வரைக்குமான வாழ்க்கையில் அம்மாவுக்கு ஒரு சொல் கிடையாது. நீங்களும் உங்கள் அம்மாவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மழை நாள் ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் போய், உங்கள் அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பீடுவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் மாணவர் குத்பெர்ட் எழுதிய கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். 735ஆம் வருடம், விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தின நாள். மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் பீடு சொல்லச் சொல்லப் பையன் எழுதுகிறான். நடுவில் தன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே இருந்ததை மடத்துக் குருக்களுக்குப் பங்கு வைக்கிறார். மிளகு, கைத்துணி, சாம்பிராணி. மிளகுக்கான ‘பிப்பெர்’ என்ற லத்தீன் சொல்லில் நிறுத்திவிட்டு எழுந்தீர்கள். தொண்டைக்கு என்று ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்த மிளகில் மூன்றை எடுத்து என் கையில் போட்டு, “நம்ம மலைச் சரக்கு எங்கே போயிருக்கு பாரு தம்பி. இந்தா, உன் பங்கு” என்றீர்கள். ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. அந்த முழங்கால் வலியோடு மண்டியிட்டு, டார்ச் அடித்துத் தேடினீர்கள். “சாகிற மனுஷன் பிரிச்சுக் கொடுத்தது, வீணாக்கக் கூடாது.” கிடைத்தது. தூசியை ஊதிவிட்டுக் கொடுத்தீர்கள்.

அப்புறம் பையன் கேட்கிற இடம் வந்தது. “ஐயா, இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி.” என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்துகொண்டேன். நான்கு நாள் கழித்துக் கிளம்பும் பஸ்ஸுக்கான டிக்கெட் அப்போதே என் சட்டைப் பையில் இருந்தது, ஃபாதர்.

சொன்னால் தடுத்திருப்பீர்கள், நானும் நின்றிருப்பேன். 716இல் பீடுவின் மடத்தலைவர் செயோல்ஃப்ரித்தும் அதற்குத்தானே கடைசி நேரம் வரை வாய் திறக்கவில்லை? 74 வயதில், மடத்திலேயே எழுதிய அவ்வளவு பெரிய பைபிளையும் எடுத்துக்கொண்டு ரோமுக்குக் கிளம்பினார். போய்ச் சேரவில்லை, வழியில், பிரான்சில் உள்ள லாங்கரிலேயே இறந்துபோனார். சரி, அவர் அப்போஸ்தலர் கல்லறைக்குப் போனார், நான் கோயம்புத்தூருக்குக் கணக்கு எழுதப் போனேன். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கும் தெரியும்.

பின்னால் நின்றவனைப் பற்றி அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. கொள்ளைநோயில் அவர்களுடைய ஜாரோ மடமே காலியாகி, அதே செயோல்ஃப்ரித்தும் ஒரு சின்னப் பையனும் மட்டும் மிஞ்சித் திருப்பாடல்களைப் பாடினார்கள் என்று படித்தோமே. பல்லவி இல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, தாங்க முடியாமல் மறுபடி முழுசாகவே பாட ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் பீடுதான் என்பீர்கள். 30 வருடம் கழித்து அந்த மனிதர் திடீரென்று கிளம்பியபோது பீடு பைபிளின் சாமுவேல் ஆகமத்துக்கு எழுதிய உரையில் மூன்று புத்தகம் முடித்திருந்தார். நான்காவதைத் தொடங்க முடியாமல் மனம் கலங்கிக் கிடந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த வரியை நான் படித்தது ஆறு வருடத்துக்கு முன்பு. நம் இரண்டாம் புத்தகத்து நோட்டு உங்கள் மேசைமேல் எத்தனை நாள் பாதியில் கிடந்ததோ என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் முதல் புத்தகம் அச்சில் வந்ததே, ஃபாதர். காசு கொடுத்து வாங்கினேன். முன்னுரையில் அட்டை வரைந்தவருக்கு நன்றி, டைப் அடித்தவருக்கு நன்றி. என் பெயர் எங்கே? எரித்தால் பாம்பு ஓடும் என்று பீடு சொல்கிற கறுப்புக் கல்லுக்குக் ‘கருமினுக்கி’ என்று பெயர் வைத்தது நான். ‘இது என்னடா, கரகாட்டக்காரி பேர் மாதிரி’ என்று சிரித்தீர்கள். அதே சொல் அப்படியே இருக்கிறது. பீடு அரசனுக்கு எழுதிய முன்னுரையில் கான்டர்பரி மடத்தலைவர் அல்பினஸைச் சொல்கிறார், ரோம் வரை போய்த் திருத்தந்தையரின் பழைய கடிதங்களைத் தேடி எடுத்துவந்த நோத்தெல்மைச் சொல்கிறார், லாஸ்டிங்கம் மடத்துத் துறவிகளைக்கூட விடவில்லை. யாரிடமிருந்து எது வந்தது என்று சொல்லாதவன் சரித்திரம் எழுதக் கூடாது என்று எனக்குச் சொன்னது நீங்கள்.

அது உங்கள் முடிவில்லை, மேலே இருந்து வந்தது என்று ஒருவன் சொன்னான். இருக்கலாம். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

தொண்டை எப்படி இருக்கிறது? குளிர் நாளில் அந்த மாடி அறை வேண்டாம், கீழே மாறிக்கொள்ளுங்கள்.

ஐந்து புத்தகமும் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. ‘தமிழில்’ என்று போட்டு அதன் கீழே இரண்டு பெயர் கொடுத்திருக்கிறேன், உங்களுடையது முதலில். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். ஆனால் அதை நீங்களே உங்கள் கையால் எழுதி அனுப்ப வேண்டும்.

உங்கள்
தம்பி