கணக்கு முதலில், கையெழுத்து பிறகு

ஆசிரியருக்கு,

கிராம சபைக் கூட்டங்களுக்கு மக்கள் வருகை குறைவது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு குடிமக்களின் பொறுப்பு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே 73-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு இடமளித்தது. தமிழகத்தில் ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களும் 2022 முதல் ஆறாக்கப்பட்டன. ஆனால், சென்ற முறை முறையிட்டது என்னவாயிற்று என்று தெரிந்தால்தான் மக்கள் மறுபடி வருவார்கள்.

எங்கள் ஊரில் கடந்த மே 1 கூட்டத்தில், வரவு செலவு படிக்கப்படும் முன்பே பதிவேட்டில் கையெழுத்து வாங்கி முடித்துவிட்டார்கள் (தேநீர் மட்டும் நேரத்துக்கு வந்தது). கீழத்தெருக் கழிவுநீர்க் கால்வாய்க்கான தீர்மானம் மூன்றாம் முறையாக நிறைவேறியது. முந்தைய தீர்மானங்களின் நிலையையும் செலவுக் கணக்கையும் ஒரு வாரம் முன்னதாக ரேஷன் கடைச் சுவரில் ஒட்டவும், கூட்டத்தில் அவற்றையே முதலில் படிக்கவும் ஊரக வளர்ச்சித் துறை உத்தரவிட வேண்டும்.