போன் கைமாறியது, பழி மட்டும் ஒரே பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இன்றைய காதல் நகைச்சுவைப் படங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, 2022இல் வந்த 'லவ் டுடே'யை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. (1997இல் விஜய் நடித்ததைச் சொல்லவில்லை, பிரதீப் ரங்கநாதன் இயக்கி நடித்ததைச் சொல்கிறேன்.) அந்தப் படத்துக்கு இன்னும் நாலு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

பெண் கேட்டு வருகிற காதலன் பிரதீப்பிடம் (கதையிலும் அவருக்கு அதே பெயர்தான்) நிகிதாவின் அப்பாவாக வரும் சத்யராஜ் கோபப்படுவதில்லை, அடிக்க ஆள் அனுப்புவதுமில்லை. ஒரு நாளைக்கு இருவரும் போனை மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார், அவ்வளவுதான். வில்லனே தேவைப்படாத கதை! அந்தக் காட்சி ஓடும்போது என் பக்கத்தில் இருந்த கணவர் தன் போனைச் சத்தமில்லாமல் கவிழ்த்து வைத்தார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. நம் பயத்தை வைத்தே நம்மைச் சிரிக்க வைக்கிற இந்தச் சாமர்த்தியம் இடைவேளை வரை எங்கும் தொய்யவில்லை.

பிறகுதான் சறுக்கல். நிகிதாவின் போனில் இருப்பவை பெரும்பாலும் சொல்லாமல் விட்ட சின்னச் சின்ன விஷயங்கள். பிரதீப் பக்கமோ போலிக் கணக்கு, பெண்களுக்கு ஆபாசச் செய்தி என்று போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, இருவருமே தப்பு செய்தவர்கள்தான் என்று சமாதானம் சொல்வது எந்த ஊர் நியாயம்? அத்தோடு விடவில்லை. நிகிதாவின் முகத்தை ஒட்டிய ஒரு போலி ஆபாச வீடியோ பரவுகிறது. உலகமே அவளைச் சந்தேகிக்கும்போது பிரதீப் நம்புகிறான், நல்லவனாகிவிடுகிறான். அவன் செய்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், அவள் பட்ட அவமானத்தில் ஏறி நின்று அவன் கரையேறிவிடுகிறான். திரையரங்கில் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை.

இத்தனைக்கும், சரியாக எழுதத் தெரியாதவர் இல்லை இயக்குநர். யோகி பாபு கிளைக்கதையைப் பாருங்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம்கூடக் கடைசி வரை போனைக் காட்ட மறுக்கிறார். நாமும் ஏதோ கள்ளத்தனம் என்றே நினைத்துச் சிரிக்கிறோம். உள்ளே இருப்பது, அவர் உருவத்தை மற்றவர்கள் கேலி செய்தவை. சிரித்த வாய் அப்படியே நின்றுபோனது. ரகசியம் வைத்திருப்பதெல்லாம் துரோகம் இல்லை என்பதைப் பிரசங்கமே இல்லாமல் அந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது. அந்த அக்கறையில் பாதியாவது நிகிதாவுக்குக் கிடைத்திருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி