இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. அறிவியல் கண்காட்சி, திருக்குறள் ஒப்புவித்தல், ஓவியப் போட்டி என எல்லாவற்றிலும் குழந்தைகள் ஆர்வத்துடன் பங்கேற்றார்கள். பரிசு பெற்ற அனைவருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

விடுமுறை முடிந்ததும் விளையாட்டு விழா. அதில் நான்காம் வகுப்புக்கான மூன்று கால் ஓட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கித்தான் தேர்ந்தெடுத்தோம். அன்று மாலையிலிருந்தே உடற்கல்வி ஆசிரியருக்குத் தொலைபேசி அழைப்புகள். "என் மகன் வேகமாக ஓடுவான். அவனை ஏன் மெதுவாக ஓடும் பையனோடு சேர்த்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. தம் பிள்ளை பரிசோடு வீடு திரும்ப வேண்டும் என்று நினைக்காத பெற்றோர் யார்? ஆனால் ஒருவரின் வலக்காலையும் மற்றவரின் இடக்காலையும் சேர்த்துக் கட்டிய பிறகு, தனியொருவரின் வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. ஒருவர் இழுத்தால் இருவரும் விழுவார்கள்.

சென்ற வாரப் பயிற்சியில் ஒரு ஜோடியைப் பார்த்தேன். ஒரு சிறுமி நல்ல உயரம். மற்றவள் அவள் தோளளவுகூட இல்லை. நான்கடி வைப்பதற்குள் இருவரும் மண்ணில். எழுந்தவர்கள், தோளில் கை எட்டாததால் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டிய காலையும் வெளிக்காலையும் மாற்றி மாற்றி வைக்க, "கட்டு, வெளி, கட்டு, வெளி" என்று சின்னவள் குரல் கொடுக்க, பெரியவள் தன் எட்டைச் சுருக்கிக்கொண்டாள். விழாமல் எல்லைக்கோடு வரை வந்துவிட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. இதற்காகத்தான் இந்தப் போட்டியையே வைத்திருக்கிறோம்.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். கயிற்றால் இணைந்து அவரோடு ஓடியவர் வழிகாட்டி அபய் சிங். வழிகாட்டி எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், எல்லைக்கோட்டை வீராங்கனைதான் முதலில் கடக்க வேண்டும் என்பது விதி. இதைச் சொன்னபோது குழந்தைகள் கண்கொட்டாமல் கேட்டார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வேலியோரம் நின்று "அவளை இழுத்துக்கொண்டு ஓடு" என்று கத்துவதையும், மைதானத்துக்குள் வந்து அடுத்தவர் பிள்ளையைக் கடிந்துகொள்வதையும் இனி அனுமதிக்க இயலாது. அப்படித் திட்டு வாங்கிய குழந்தை மறுநாள் பயிற்சிக்கு வர மறுத்து வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது. ஜோடிகள் மாற்றப்பட மாட்டா. விழாவன்று பெற்றோர் எவரேனும் எல்லையைத் தாண்டி வந்தால் அந்த ஓட்டம் உடனே நிறுத்தப்படும்.

இது மிகச் சிலருக்கான சொல் என்பதை அறிவேன். நைலான் கயிறு காலை அறுக்கும் என்று, பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துப் பட்டைகளாகத் தைத்து அனுப்பிய தாய்மார்களுக்கும், மைதானத்தில் கல் பொறுக்கிய தந்தையருக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் உங்கள் பிள்ளையோடு காலைக் கட்டிக்கொண்டு நீங்களும் பத்தடி நடந்து பாருங்கள். கட்டிய காலை முதலில் எடுத்து வையுங்கள். விழாவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். கடைசியாக வரும் ஜோடிக்கும் கைதட்டுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்