எழுபத்து நாலு கணவாய்

சிங்கப்பூர்
ஆடி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பணம் வந்து சேர்ந்திருக்கும். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீங்கள் பாதிப் பேச்சில் போனை அம்மா கையில் கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

இங்கே என் பெயர் மாறிவிட்டது. சைட்டில் எல்லோரும் வந்தியத்தேவன் என்கிறார்கள்! எல்லாம் எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் செய்த வேலை. அவர் இங்கேயே பிறந்தவர், மூன்றாம் தலைமுறை. தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்கத்தான் திணறுவார். முதல் வாரம் ஊர் கேட்டார். காட்டுமன்னார்கோயில் என்றேன், புரியவில்லை. சிதம்பரம் பக்கம், வீராணம் ஏரி என்றதும் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “குதிரையில வருவாரே, அந்த ஏரியா?”

2022இல் படம் பார்த்துவிட்டு, பொன்னியின் செல்வனை ஆங்கிலத்தில் ஐந்து பாகமும் வாசித்தாராம். அடுத்த கேள்வி: “எழுபத்து நாலு கணவாயும் இன்னும் இருக்கா?” எனக்கு விழித்ததுதான் மிச்சம். நாம் மதகு என்போம், எத்தனை என்று யார் எண்ணினோம்? இப்போது அங்கிருந்துதான் சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது என்றேன். அது அவருக்கு ருசிக்கவில்லை.

நேற்று முன்தினம் ஞாயிறு, ஆடிப்பெருக்கு. ஈசூனில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வீவக அடுக்குமாடி, அதாவது அரசாங்கம் கட்டிய வீடுகள்; தேசிய தினம் வருகிறது என்று தளத்துக்குத் தளம் கொடி. மகள் பெயர் வானதி. அண்ணி புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் செய்திருந்தார். ஆற்றங்கரை கிடையாது, பால்கனியில்தான் சாப்பாடு. கதை ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தானே தொடங்குகிறது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்றார் அண்ணன். அவர் அம்மா காலத்தில் வீட்டில் இந்தப் பழக்கமே இல்லையாம். 1950இல் வாரப் பத்திரிகையில் தொடங்கிய ஒரு தொடர்கதை, இங்கே ஒரு வீட்டில் ஆடிப்பெருக்கைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது, பாருங்கள். தாத்தா வாராவாரம் கிழித்து, தைத்து, அட்டை போட்டு வைத்தாரே, அந்தப் பைண்டுகளைப் பற்றிச் சொன்னேன். விளம்பரப் பக்கத்தைக்கூட எறியாமல் சேர்த்துத் தைத்திருப்பார் என்றதும் அண்ணனுக்குக் கண் விரிந்தது.

அப்புறம்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆதித்த கரிகாலனை நந்தினி என்ன செய்தாள், உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று வானதி கேட்டாள். சும்மா இருந்திருக்கலாம். பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள் என்று கொஞ்சம் அளந்துவிட்டேன். அண்ணியின் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அதுவரை தயிர்சாதத்தில் கவனமாக இருந்தவர் தலையை நிமிர்த்தினார். “தம்பி, நந்தினி கல்கியோட கற்பனை. கொன்னவங்க பேரு உங்க ஊர் உடையார்குடி கோயில் கல்வெட்டிலேயே இருக்கே. நீங்க பார்த்ததில்லையா?”

ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் என்று பெயர்களையும் சொன்னார். துரோகிகளின் நிலத்தைப் பறித்து விற்ற கணக்கை அதில் எழுதியிருக்கிறதாம். வந்தியத்தேவன் நிஜமாகவே இருந்தவர், குந்தவையின் கணவர், அது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வருகிறது என்றும் சொன்னார். என் பட்டப்பெயர் தப்பித்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அப்பா. அந்தக் கோயில் சுவரில் எத்தனை தடவை சைக்கிளைச் சாய்த்திருப்பேன். பிரசாதம் வாங்கிய கையை அந்தக் கல்லிலேயே துடைத்திருக்கிறேன். கல்கியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கதை எழுதாவிட்டால் ஈசூனில் எங்கள் ஏரியை யாருக்குத் தெரியும்? ஆனால் கதையில் வராத எதையும் நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

டிசம்பரில் அண்ணன் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார். ஏரிக்கரையில் குதிரை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டார், விளையாட்டுக்கு இல்லை. குதிரைக்கு நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அதற்குள் அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய், அந்தக் கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்று குருக்களிடம் கேட்டு வையுங்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் போட்டோ எடுத்தால் எழுத்து தெளிவாக விழுமாம், ஆசிரியர் சொன்னார்.

அப்படியே மதகுகளையும் எண்ணிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்