கம்பியைக் கொஞ்சம் குறுக்க திருப்பிப் போடுங்க: ரோடு ஆபீஸுக்கு ஒரு திறந்த மடல்

மொரீஷியஸ்ல ரோட்டைப் பாத்துக்கற அய்யாமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம்.

எந்த ஆபீஸ்னு பேர் போட்டு எழுதல, ஏன்னா எந்த ஆபீஸ்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே புரியல. ஒரு இடத்துல கேட்டா இது பெரிய ரோடு அங்க போங்கறாங்க, அங்க போனா ரோடு எங்களுதுதான் ஆனா ஓரத்துல இருக்கற கால்வாய் எங்களுது இல்லங்கறாங்க. சரி, யாரோட கால்வாயோ அவங்களுக்கு இந்த லெட்டர். பிரெஞ்சுல ரெண்டு தடவை எழுதியாச்சு, இங்கிலீஷ்ல ஒரு தடவை எழுதியாச்சு, மூணுக்கும் சேத்து "கிடைத்தது, கவனிக்கிறோம்"னு ஒரே பதில். அதனால இந்தத் தடவை தமிழ்ல. எப்படியும் படிக்கப் போறதில்லைன்னா எனக்கு வாய்க்கு வர்ற மொழியிலயாவது எழுதிக்கறேனே.

விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். புவா ஷெரி தேயிலைத் தோட்டம் தாண்டி கிரான் புவா பக்கம் இறங்கறப்ப ஒரு வளைவு, அதுல இடது ஓரத்துல மழைத்தண்ணி இறங்கற குழி, குழி மேல இரும்பு கிரில். அந்த கிரில்லோட கம்பியெல்லாம் ரோடு போற திசையிலயே நீளவாக்குல இருக்கு. அதைக் குறுக்க திருப்பிப் போடுங்கன்னு கேக்கறேன். அவ்ளோதான். புது ரோடு கேக்கல, சைக்கிளுக்குத் தனி லேன் கேக்கல (ஆசை இல்லாம இல்ல, ஆனா பேராசைன்னு தெரியும்).

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நானும் என் மச்சானும், அதாவது என் வீட்டுக்காரியோட தம்பி, காலைல ஆறு மணிக்கு எங்க ஊரு வாக்வால இருந்து கிளம்பினோம். எங்க வழக்கமான ரூட்டுதான். மார் ஓ வாக்வா ஏரிப்பக்கமா போய் கங்கா தலாவ் புனித ஏரில 108 அடி சிவனுக்கு சைக்கிள்ல இருந்தே ஒரு கும்பிடு, அப்புறம் தேயிலைத் தோட்டம், அங்கேர்ந்து கரும்புக்காட்டுக்கு நடுவுல சர்ர்ருனு சுயாக் வரைக்கும் இறக்கம், கடலோரமா பே டு காப், அங்க ரெண்டு தால் பூரி, திரும்ப ஷாமரெல் ஏத்தம். கடல் மட்டத்துல ஆரம்பிச்சு ப்ளேன் ஷாம்பாஞ் போய்ச் சேர்றதுக்குள்ள 700 மீட்டருக்கு மேல ஏறணும், நாக்கு தொங்கிரும், ஆனா சீசன்ல மேல போய்ட்டா ரோட்டோரம் காட்டுக் கொய்யா செவப்பா தொங்கும், நாலு பறிச்சு வாயில போட்டுட்டு குரங்குங்ககூட முறைச்சுக்கிட்டு நிப்போம். இந்த நாட்டுக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு, எல்லாரும் பீச்சு பீச்சுங்கறாங்க, எனக்கு இந்த மேட்டு ரோடுதான் மொரீஷியஸ்.

அன்னிக்கு பே டு காப்பே போய்ச் சேரல. தூறல், மேல வழக்கம்போல மூடுபனி, ரோடு ஈரம். மச்சான் எனக்கு இருபது மீட்டர் முன்னாடி. பின்னாடி பஸ்ஸு ஹார்ன் அடிச்சுது, பாவம் நல்ல பையன், வழி விடலாம்னு இடது பக்கம் ஒதுங்கினான். முன் சக்கரம் ரெண்டு கம்பிக்கு நடுவுல இறங்கிருச்சு. சக்கரம் நின்னுருச்சு, ஆள் நிக்கல. நான் பிரேக் புடிச்சு வழுக்கி வந்து பாக்கறேன், ஆள் கரும்பு ஓரத்துல கெடக்கான், சைக்கிள் மட்டும் கிரில்லுக்குள்ள ஸ்டாண்டு போட்ட மாதிரி தனியா நின்னுக்கிட்டு இருக்கு, பின் சக்கரம் டிக் டிக் டிக்னு சுத்திக்கிட்டே இருக்கு. அந்த சத்தம் இன்னும் என் காதுல இருந்து போகல. அவன் "அய்யோ அய்யோ"ன்னான். அவனுக்கு தமிழ் பத்து வார்த்தைக்கு மேல வராது, அவன் கத்தினது இந்த நாட்டுப் பேச்சுமொழி கிரியோல்தான், கிரியோல்லயும் அய்யோன்னா அய்யோதான். காலர் எலும்பு ரெண்டா போச்சு, ஹெல்மெட் விரிசல் விட்டுருச்சு, தலை தப்பிச்சுது.

பக்கத்து வீட்டுல இருந்து ஒரு வயசான அம்மா தண்ணி கொண்டு வந்தாங்க. கொண்டு வந்த கையோட சொன்னாங்க, இவன் நாலாவது ஆளாம். முதல் ஆள் விழுந்தப்பவே உங்களுக்கு சொல்லி அனுப்பினாங்களாம். ஆம்புலன்ஸ் போனதும் அவங்களே ஒரு மரக்கிளையை ஒடிச்சு, அதுல செவப்பு பிளாஸ்டிக் பையைக் கட்டி, கிரில்லுக்குள்ள சொருகி வெச்சாங்க. இன்னிய தேதிக்கு அந்த வளைவுல இருக்கற ஒரே எச்சரிக்கை போர்டு அதுதான்.

அடுத்த வாரம் கார்ல போய் ஸ்கேல் வெச்சு அளந்தேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல 4 சென்டிமீட்டர். எங்க ரோடு சைக்கிள் டயர் அகலம் 28 மில்லிமீட்டர். கணக்கு நான் சொல்ல வேண்டாம், அங்க இஞ்சினியருங்க இருக்கீங்க. பஸ்ஸு டயருக்கும் உங்க ஆபீஸ் ஜீப் டயருக்கும் அப்படி ஒரு ஓட்டை இருக்கறதே தெரியாது, அதான் பிரச்சனையே. இது ஏதோ டைட் டிரெஸ் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஓட்டறவங்க புலம்பல்னு நினைச்சுராதீங்க. விடியக்காலைல லைட்டு இல்லாத பழைய சைக்கிள்ல கரும்புத் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் வேலைக்குப் போறவங்களும் அதே ஓரத்துலதான் போறாங்க. அவங்களுக்கு காலர் எலும்பு ஒடஞ்சா லெட்டர் எழுத மச்சான் இருக்க மாட்டான், கூலியும் வராது.

உங்க பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாம இல்ல. 2013 மார்ச் 30ல போர்ட் லூயிஸ்ல வெள்ளம் வந்து 11 பேர் செத்துப்போனதுல இருந்து கால்வாய்க்கு நாடு முழுக்க அவ்ளோ வேலை நடந்திருக்கு, 2024 ஜனவரில பெலால் புயல் அப்ப கார் எல்லாம் மெதந்ததையும் பாத்தோம். தண்ணி வேகமா உள்ள போகணும்னுதான் கம்பியை ஓட்டத்தோட நேரா வெச்சிருக்கீங்க. குழியை அடைங்கன்னு யாரும் சொல்லல. கிரில் சதுரமா இருந்தா தூக்கி ஒரு கால் சுத்து திருப்பி வெச்சா முடிஞ்சுது, பத்து நிமிஷ வேலை. சதுரமா இல்லன்னா மேல குறுக்க நாலு பட்டை வெல்டிங் பண்ணுங்க, தண்ணி அது பாட்டுக்குப் போகும். கம்பியைத் திருப்பிப் போடுங்க, வேற ஒண்ணும் இல்ல.

முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. வருஷா வருஷம் சிவராத்திரி நெருங்கினா கங்கா தலாவ் போற ரோடு எப்படி மாறுதுன்னு பாக்கத்தான் பாக்கறோம், புல்லு வெட்டி, பள்ளம் அடைச்சு, ராத்திரி லைட்டு போட்டு, லட்சக்கணக்குல ஜனம் நடக்கறாங்க, செய்ய வேண்டியதுதான், நானும் நடந்திருக்கேன், புண்ணியமா போகும். ஆனா சிவன்கிட்ட இருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கற வளைவுக்கு அந்தப் புண்ணியம் வந்து சேர மாட்டேங்குது. 1998ல ரூபா நோட்டுல தமிழ் எழுத்தைக் கீழ இறக்கிட்டாங்கன்னு நம்மாளுங்க தெருவுக்கு வந்ததும் அடிச்ச நோட்டையே திருப்பி வாங்கினாங்கன்னு என் மாமனார் இன்னும் பெருமையா சொல்லுவாரு. நாட்டோட நோட்டையே திருப்பி வாங்கின ஊருங்க இது, ஒரு கிரில்லைத் திருப்ப முடியாதா?

இன்னொண்ணு. 2025ல நம்ம நாட்டு சைக்கிள் வீராங்கனை கிம்பர்லி லெ கோர்ட் ஏப்ரல்ல லியேஜ்-பாஸ்டோன்-லியேஜ் சைக்கிள் ரேஸ் ஜெயிச்சப்பவும், ஜூலை கடைசில டூர் டி பிரான்ஸ் பெண்கள் ரேஸ்ல முன்னணில இருக்கறவங்களுக்குக் குடுக்கற மஞ்ச ஜெர்சி போட்டப்பவும் நாடே தூக்கி வெச்சுக் கொண்டாடுச்சு. அந்த ஜெர்சியைப் போட்ட முதல் ஆப்பிரிக்கப் பொண்ணு, நம்ம பொண்ணு. அதுல இருந்து ஞாயித்துக்கிழமை ரோட்டுல சின்னப் பொண்ணுங்களைப் பாக்கறேன், அப்பா பின்னாடி கார்ல வர, முன்னாடி மிதிச்சுக்கிட்டு போகுதுங்க. அதுங்க டயரும் 28தான். இன்னொரு பக்கம் பெரியவங்கள்ல அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு சர்க்கரை இருக்கற நாடு, உடம்பை அசைங்க, நடங்க, சைக்கிள் ஓட்டுங்கன்னு ரேடியோல அறிவுரை. ஓட்டறோம்ங்க. எங்க ஓட்டறதுன்னும் சேத்து சொன்னா தேவலை. கரும்பு சீசன்ல லாரி சிந்திட்டுப் போற கரும்புத் துண்டு, அதுல ஏறி வழுக்கறது, வளைவுல இடிச்சுக்கிட்டு ஓவர்டேக் பண்ற வேன், இதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா இந்த லெட்டர் சுயாக் வரைக்கும் நீளும். விடுங்க. அது எல்லாம் இன்னொரு நாள்.

கோவத்துல ரெண்டு வார்த்தை கூடப் போயிருந்தா மன்னிச்சுக்கோங்க. மச்சான் இன்னும் கையைத் துணில கட்டித் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கான், அவன் அக்கா என் சைக்கிளையே பூட்டி சாவியை ஒளிச்சு வெச்சிருக்கா, அந்த எரிச்சலும் இருக்கு. தயவு செஞ்சு ஒரு ஆளை அனுப்பி அந்தக் கம்பியைக் குறுக்க போட வைங்க, அப்படியே அந்த இறக்கத்துல இருக்கற மத்த கிரில்லையும் ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்க. நான் எண்ணின வரைக்கும் இன்னும் ஆறு இருக்கு, ரெண்டு மட்டும் சரியா குறுக்க இருக்கு, அதனால உங்க ஆளுங்களுக்கு எப்படி வைக்கணும்னு தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஆள் பத்தலைன்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை காலைல கடப்பாரையோட நானே வர்றேன், நீங்க பெர்மிஷன் மட்டும் குடுத்தா போதும்.

நேத்து அந்தப் பக்கம் போனேன். அந்தம்மா வெச்ச கிளை காஞ்சு ஒடிஞ்சு குழிக்குள்ள விழுந்துருச்சு. புதுசா ஒண்ணு சொருகி, பழைய பையையே எடுத்துக் கட்டிட்டு வந்திருக்கேன்.

இப்படிக்கு,
வாக்வால இருந்து ஒரு சைக்கிள்காரன்